லைன் ஒன்று போனால் பாதி நாடு ஏன் இருட்டாகிறது?

கணிதக்கிறுக்கன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எம்.எஸ்.சி. இயற்பியல், இரண்டாம் வருடம். வலையமைப்புகள் சுமை தாங்காமல் சரிவதை புராஜெக்டுக்கு எடுத்திருக்கிறேன். தாளில் எளிமையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முனைக்கும் ஒரு சுமை, அதற்கு மேல் கொஞ்சம் தாங்குதிறன். ஒரு முனையைப் பிடுங்கினால் அதன் சுமை மற்றவற்றின் தலையில் ஏறும். தாங்காதது விழும், அதன் சுமை இன்னும் சிலவற்றின் தலையில். மாட்டர், லாய் என்ற இருவர் 2002-இல் போட்ட மாதிரி இது. கணினியில் ஓட்டினால் சீட்டுக்கட்டு வீடு மாதிரி சரிகிறது.

சந்தேகம் இதுதான். இணைப்பு கூடினால் சுமையைப் பகிர ஆள் கூடும், அதனால் பலம் என்கிறார் என் வழிகாட்டி. நான் ஓட்டிப் பார்த்ததில் சில சமயம் இணைப்பைக் கூட்டக் கூட்டச் சரிவும் பெரிதாகிறது. நிஜத்தில் எப்படி? 2012 ஜூலையில் வட இந்தியா முழுக்க இருட்டானபோது நான் நாலாம் வகுப்பு. அந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் உபகாரமாக இருக்கும்.

செல்லூர்_சித்தன்

இதில் என்ன சந்தேகம்? நாலு மாநிலம் ஒதுக்கீட்டுக்கு மேல் உறிஞ்சியது, கரண்ட் பத்தவில்லை, போச்சு. கல்யாண வீட்டில் முதல் பந்தியே ரெண்டு ரெண்டு இலை போட்டு உட்கார்ந்தால் கடைசிப் பந்திக்கு ரசம்தான். இதற்கு எம்.எஸ்.சி. வேண்டுமா?

பழைய_பிரேக்கர்

சித்தன் தம்பி சொன்னதைத்தான் அப்போது டி.வி.யிலும் சொன்னார்கள். அது பாதிதான் சரி. சப்ஸ்டேஷன், கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் லோடு டெஸ்பாட்ச் மையம் என்று 34 வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். விசாரணைக் குழு அறிக்கை வந்ததும் பென்சிலும் கையுமாகப் படித்தேன்.

முதலில் ஒரு எண். 2012 ஜூலை 30, அதிகாலை 2:33. விழுவதற்குச் சற்று முன் கிரிட் என்கிற மின்தொகுப்பின் அதிர்வெண், அதாவது ஏ.சி. கரண்ட் விநாடிக்கு எத்தனை சுற்று ஆடுகிறது என்ற எண், 49.68. மறுநாள் மதியம் 1 மணிக்கு மறுபடி விழுந்ததே, அதற்குச் சற்று முன் 49.84. நமக்கு இலக்கு 50. உற்பத்தி பத்தவில்லை என்றால் முதலில் இந்த எண்தான் இறங்கும். அன்றைக்கு இருந்தது அந்தக் காலத்துக்குச் சாதாரணம், 49.5 வரை அப்போது அனுமதியே உண்டு. ஆக, மொத்தக் கணக்கில் கரண்ட் இருந்தது. இருந்த இடம் வேறு, கேட்ட இடம் வேறு.

மேற்கு மண்டலத்தில் மழை. தேவை குறைந்து மெகாவாட் மிஞ்சியது. வடக்கே மழை பொய்த்து, பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசப் பக்கம் நெல்லுக்கு ராத்திரி பகலாகப் பம்புசெட். மேற்கில் மிஞ்சியது வடக்கே போக உருப்படியாக இருந்த வழி, மத்தியப் பிரதேசத்து பீனாவிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ரா போகும் 400 கே.வி. லைன். அதிலும் ஒரு சர்க்யூட்டை 765 கே.வி.க்கு மாற்றும் வேலைக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு பல லைன்களும் சர்வீஸில் இல்லை. மீதி இருந்த ஒற்றைப் பாலத்தின் மேல் எல்லா லாரியும் ஏறிவிட்டது.

அந்த லைன் அறுந்து விழவில்லை, மரம் படவில்லை, ஷார்ட் ஆகவில்லை. நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். லைனின் முனையில் டிஸ்டன்ஸ் ரிலே என்று ஒரு காவல் கருவி உட்கார்ந்திருக்கும். அதற்குத் தெரிந்தது ஒரே கணக்கு, வோல்டேஜை கரண்டால் வகுப்பது. விடை சின்னதாக வந்தால் 'எங்கேயோ ஃபால்ட்' என்று முடிவு கட்டி பிரேக்கரைத் திறக்கும், அதாவது லைனைத் துண்டிக்கும். அதில் மூன்றாவது ஸோன் ரொம்ப தூரம் பார்க்கும், அடுத்த சப்ஸ்டேஷனையும் தாண்டி. லைனில் கரண்ட் ஏறுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது, வகுத்து வரும் விடை சிறுத்துச் சிறுத்து அந்த எல்லைக்குள் வந்து விழுந்தது. வெறும் பாரத்தை ஃபால்ட் என்று நினைத்துக்கொண்டு லைனைக் கட் பண்ணிவிட்டது ரிலே.

பீனா வழி மூடியதும் அத்தனை மெகாவாட்டும் கிழக்கு மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே போகப் பார்த்தது. அந்தச் சுற்றுவழியால் தாங்க முடியவில்லை. சில விநாடிதான், வடக்கு மண்டலம் தனியாகப் பிய்ந்து வந்து அமுங்கியது. 36,000 மெகாவாட் லோடு. மறுநாள் அதே பீனா–குவாலியர், அதே கதை. ஆனால் இந்த முறை பிய்ந்த இடம் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில். அதனால் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து போயின. 48,000 மெகாவாட். அந்த மாநிலங்களில் இருந்த ஜனத்தொகை 60 கோடிக்கு மேல்.

அந்தியூரான்

ஐயா, ஒன்று கேட்கிறேன். பீனாவில் போனால் பக்கத்து லைன்தானே அடுத்து போகணும்? எங்கேயோ கிழக்கில் ஏன் பிய்கிறது?

பழைய_பிரேக்கர்

நல்ல கேள்வி. தேர் இழுத்திருப்பீர்கள். நாலு வடமும் ஒரே சீராகப் போகும்வரை தெரியாது. ஒரு வடத்தை விட்டால் மற்ற மூன்றும் விறைக்கும். அறுவது எது? விட்ட வடத்துக்குப் பக்கத்தில் இருப்பதா? இல்லை, எது நைந்திருக்கிறதோ அது.

கிரிட்டில் ஓடும் ஜெனரேட்டர் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். இரண்டு ஊருக்கு நடுவே பவர் போக வேண்டுமானால் அனுப்பும் பக்கம் கொஞ்சம் முந்தி நிற்கும். அந்த முந்தலைக் கோணமாக அளப்போம். லைன் குறையக் குறைய, அதே பவரை அனுப்ப இன்னும் அதிகமாக முந்த வேண்டும். ஓர் எல்லை தாண்டினால் இரண்டு பக்கமும் தாளம் தப்பும். தப்புகிற இடம், கோணம் எங்கே ரொம்ப விரிந்து கிடக்கிறதோ அங்கே. பீனாவிலிருந்து அது பல நூறு கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம்.

கணிதக்கிறுக்கன்

ஐயா, இது என் மாதிரிக்கே வேட்டு. அதில் சரிவு பக்கத்து முனைக்குப் பக்கத்து முனையாகத் தொற்றுகிறது, நோய் மாதிரி. அமெரிக்காவில் ஹைன்ஸ் முதலானவர்களும் 2010 வாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். வலையின் படத்தை மட்டும் வைத்து மின்தொகுப்பின் பலவீனத்தைக் கணித்தால் தப்பான இடத்தைக் காட்டும், மின்னோட்டத்தின் கணக்கையும் போட வேண்டும் என்று. படித்துவிட்டுச் சோம்பலில் ஒதுக்கி வைத்திருந்தேன்.

மல்லிகை_தில்லி

அந்த இரண்டு நாளும் நாங்கள் டில்லியில், ஆர்.கே.புரத்தில் இருந்தோம். ராத்திரி ஃபேன் நின்றதும் முழிப்பு வந்தது. அந்தப் புழுக்கத்தில் ஃபேன் சத்தம் நின்றாலே குழந்தை அழும். மொட்டை மாடிக்குப் போனேன். வழக்கமாக நம் பிளாக்கில் போயிருந்தால் எதிர் பிளாக்கில் எரியும். அதைப் பார்த்து 'நம்ம ஃபேஸ்தான்' என்று திட்டிக்கொண்டே கீழே வருவோம். அன்றைக்கு எதிர் பிளாக், அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால், எங்குமே இல்லை. எல்லா மாடியிலும் ஆட்கள் நிற்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் மதியம் அவர் மெட்ரோவில் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஸ்டேஷனில் எல்லோரையும் இறக்கி விட்டுவிட்டார்கள். மேலே வந்தால் சிக்னல் எதுவும் இல்லை. 40 ரூபாய் தூரத்துக்கு ஆட்டோக்காரர் 200 கேட்டாராம். சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து அம்மா போன்: "இங்கே இப்பதான் வந்தது, அங்கே போயிடுச்சாமே?" நாலு வருஷமாக நான் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

ஒன்றுதான் புரியவில்லை. பாதி நாடு போனபோது தெற்கு எப்படித் தப்பியது?

செல்லூர்_சித்தன்

ஏற்கனவே போயிருந்ததால் மறுபடி போகவில்லை, அவ்வளவுதான்.

பழைய_பிரேக்கர்

சிரித்துவிட்டேன் சித்தன்.

மல்லிகை அம்மா, அப்போது தெற்கு மண்டலம் மற்ற நாலோடும் ஒரே தாளத்தில் இல்லை. நடுவே இருந்த பெரிய இணைப்பு எல்லாம் டி.சி. மகாராஷ்டிரத்தின் பத்ராவதி, ஆந்திரத்தின் காஜுவாக்கா இரண்டிலும் ஏ.சி.யை டி.சி. ஆக்கி அங்கேயே மறுபடி ஏ.சி. ஆக்குவார்கள். ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு நீளமான டி.சி. லைன். டி.சி. இணைப்பு, சொன்ன அளவு பவரை மட்டும் கொண்டுபோகும். அந்தப் பக்கத்துத் தாளம் இந்தப் பக்கம் வராது. வடக்கே ஆடிய ஆட்டம் கோலாரில் யாருக்கும் தெரியாது.

ஆனால் அடி படாமல் இல்லை. 31-ஆம் தேதி கிழக்கு மண்டலம் போனபோது தால்ச்சரிலிருந்து வந்துகொண்டிருந்த வரத்தும் போனது. தெற்கின் அதிர்வெண் சரசரவென்று இறங்கியது. இங்கே சப்ஸ்டேஷன்களில் இருந்த அண்டர் ஃப்ரீக்வென்சி ரிலேக்கள், ஊருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஃபீடர் லைன்களைத் தாமாகவே வெட்டின. பாரம் குறைந்தது, அதிர்வெண் மேலே வந்தது. சில ஊர்களில் 'வழக்கமான கட்' என்று நினைத்திருப்பார்கள்.

வடக்கிலும் அதே ரிலேக்கள் உண்டு. அதிர்வெண் இறங்கினால் 4,000 மெகாவாட், வேகமாக இறங்கினால் இன்னும் 6,000 மெகாவாட் தானாகக் கழன்றுகொள்ள வேண்டும் என்று பேப்பரில் இருந்தது. அன்றைக்குப் போதுமான அளவு கழலவில்லை என்று அறிக்கையே சொல்கிறது. அது நடந்திருந்தால் முதல் நாளாவது வடக்கின் ஒரு பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்பது என் எண்ணம். ரிலே ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்காதீர்கள். என் சர்வீஸில் ஊர் ஊராகப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு ஃபீடரில் ரிலே போட்டால் அந்த ஃபீடரில் யார் வீடு இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள்.

செல்லூர்_சித்தன்

அப்படிப் பார்த்தால் தனியாக இருந்ததுதான் நல்லது. தாளமும் வேண்டாம் மேளமும் வேண்டாம். பிறகு எதற்கு 2013-இல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்?

பழைய_பிரேக்கர்

2013 டிசம்பர் 31, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக. அன்றைக்கு ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள்.

தம்பி, 2012 கடைசியில் நம்மூர் எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டீர்களா? கோவை, மதுரைப் பக்கமெல்லாம் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கட். இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறவே நேரமில்லை. அப்போது வடக்கிலும் மேற்கிலும் விலைக்கு கரண்ட் இருந்தது, கொண்டுவர வழி இல்லை. மின்சாரச் சந்தையில் தெற்குக்கு மட்டும் தனி விலை, எப்போதும் எகிறித்தான் இருக்கும். எந்த மெல்லிய இணைப்பு ஜூலையில் நம்மைக் காப்பாற்றியதோ, அதேதான் நவம்பரில் இருட்டில் உட்கார வைத்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது.

கணிதக்கிறுக்கன்

அப்படியானால் என் வழிகாட்டி சொன்னதும் சரி, என் கணினி சொன்னதும் சரி. சின்ன அடிக்கு இணைப்பு கை கொடுக்கிறது. அடி பெரிதானால் அதே இணைப்பு வழியாகத்தான் ஆபத்து வருகிறது.

இன்னொன்று. டாப்சன், கரேராஸ், நியூமன் மூவரும் சொல்லும் யோசனை என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. கிரிட்டில் எந்த லைன் தோற்கிறதோ அதைப் பலப்படுத்துகிறோம். தேவை வருடா வருடம் ஏறுகிறது. புதிதாக வந்த வசதியையும் சீக்கிரமே நிரப்பிவிடுகிறோம். ஆகவே கிரிட் எப்போதுமே விளிம்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்னச் சின்ன மின்தடைகளைத் தீவிரமாக ஒழித்தால் பெரியது வரும் வாய்ப்பு கூடக்கூடும் என்பதுவரை போகிறார்கள்.

அந்தியூரான்

மணல் மூட்டை போட்டுக் கரையை ஒசத்திக்கொண்டே போனால் ஒசந்த மட்டத்துக்குத் தண்ணி நிற்கும். உடைந்தால் ஊரோடு போகும். புதுசு ஒன்றும் இல்லையே.

வலைத்தச்சன்

இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். நான் கரண்டுக்காரன் இல்லை, சர்வர்க்காரன். பழைய_பிரேக்கர் சார் சொன்ன ரிலே கதையைப் படித்ததும் 2003 ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலில் அது பாடம்.

2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஓஹையோ. மதியம் 2:14-க்கு அங்கே இருந்த மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் தொங்கிவிட்டது. ஒரே தகவலில் இரண்டு வேலைகள் ஒரே நொடியில் கை வைத்த பிழை. திரை கறுப்பாகவில்லை, பிழைச் செய்தி வரவில்லை. அலாரம் அடிக்கவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அமைதியான மதியம்.

3:05-க்கு ஒரு 345 கே.வி. லைன் மரத்தில் பட்டுப் போனது. அப்போது அதில் இருந்தது தாங்குதிறனில் வெறும் 44 சதவீதம். பாரத்தால் போகவில்லை, கீழே மரத்தை வெட்டவில்லை. 3:32-க்கு அடுத்தது, 88 சதவீதத்தில். 3:41-க்கு இன்னொன்று, 93-இல். வரிசையைப் பாருங்கள், ஒவ்வொன்று போகும்போதும் மிச்சம் இருப்பவை சூடேறி, கம்பி தொய்ந்து, மரத்துக்குப் பக்கத்தில் வருகின்றன. 4:05-க்கு சாமிஸ்–ஸ்டார் என்ற லைன். அதில் மரமும் இல்லை, ஃபால்ட்டும் இல்லை. மூன்றாவது ஸோன் ரிலே, பாரத்தை ஃபால்ட் என்று எண்ணித் திறந்துவிட்டது. பீனாவில் ஒன்பது வருடம் கழித்து நடந்த அதே தப்பு.

அதுவரை ஒரு மணி நேரம் நிதானமாக நடந்தது. அதற்கப்புறம் ஏழெட்டு நிமிடத்தில் நியூயார்க், டெட்ராய்ட், டொராண்டோ எல்லாம் போயின. 5 கோடிப் பேர். முதல் ஒரு மணி நேரத்தில் யாராவது கிளீவ்லாந்துப் பக்கம் கொஞ்சம் லோடை வெட்டியிருந்தால் மீதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றுதான் விசாரணையும் சொன்னது. வெட்ட வேண்டும் என்று தெரிய வேண்டுமே, அலாரம்தான் தூங்கிவிட்டதே.

பழைய_பிரேக்கர்

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. தெரிந்திருந்தாலும் வெட்டியிருப்பார்களா? நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நீ வெட்டினால் 'நீ வெட்டினாய்' என்று பெயர் வரும். வெட்டாமல் தானாக விழுந்தால் 'கிரிட் ஃபெயிலியர்'.

2012-இலும் இதுதான். அதிகமாக இழுப்பதைக் குறையுங்கள் என்று மண்டல மையம் மாநிலங்களுக்குச் சொன்னது. மாநில மையங்கள் போதுமான அளவு செய்யவில்லை என்று அறிக்கை எழுதியிருக்கிறது. மேற்கில் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னதற்கும் அதே கதி.

செல்லூர்_சித்தன்

ஆக கடைசியில் நான் முதலில் சொன்ன ரெண்டு இலைக்காரன் கதைக்கே வந்து நிற்கிறீர்கள் சார்.

பழைய_பிரேக்கர்

வந்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இலைக்காரன் மட்டும் குற்றவாளி இல்லை. மேற்கே வேண்டாத சோற்றை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தவனும் உண்டு, ஒற்றைக் கதவு வைத்து மண்டபம் கட்டியவனும் உண்டு.

மட்டுறுத்துநர்

எந்த மாநிலம் எவ்வளவு இழுத்தது என்று நான்கு பதிவுகள் அரசியலாகப் போனதால் நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

கணிதக்கிறுக்கன்

தாங்கி நின்ற உதாரணம் ஏதாவது? விழுந்த கதைகளாகவே சேர்கிறது. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் போனதையும் சேர்க்கலாமா என்று பார்த்தேன்.

பழைய_பிரேக்கர்

ஸ்பெயினை இதில் சேர்க்காதே தம்பி. அது பாரத்தால் போகவில்லை. வோல்டேஜ் மேலே மேலே ஏறி, ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்ற கதை. தனிப் புராஜெக்ட் போடு.

தாங்கியது என்றால் எனக்குப் பிடித்தது 2006 நவம்பர் 4. ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றில் புதிதாகக் கட்டிய ஒரு பெரிய பயணிகள் கப்பல் கடலுக்குப் போக வேண்டும். மேலே 380 கே.வி. லைன். பாதுகாப்புக்காக அதை நிறுத்தினார்கள். வழக்கமாகச் செய்வதுதான், ஆனால் அந்த முறை நேரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து கணக்கைச் சரியாகப் பார்க்கவில்லை. ராத்திரி 10:10-க்கு பாரம் வேறு லைன்களில் ஏறி, ஐரோப்பா மூன்று துண்டாகப் பிளந்தது. மேற்குத் துண்டில் உற்பத்தி பத்தவில்லை, அதிர்வெண் 49 வரை விழுந்தது. அங்கேதான் ரிலேக்கள் வேலை செய்தன. சுமார் 17,000 மெகாவாட்டை ஆங்காங்கே வெட்டிப் போட்டன. ஒன்றரைக் கோடி வீடுகளில் கரண்ட் போனது. ஆனால் எந்த நாடும் மொத்தமாக விழவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது.

செய்தித்தாளில் அதையும் 'மாபெரும் மின்தடை' என்றுதான் போட்டார்கள். எங்களுக்கு அது மாபெரும் தப்பித்தல்.

நம்மூரிலும் ஒன்று சொல்லவா? 2020 ஏப்ரல் 5, ராத்திரி 9 மணி, 9 நிமிடம் விளக்கணைத்தோமே. 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நிஜத்தில் குறைந்தது 31,000-க்கு மேல். பாரம் ஏறுவது மாதிரியே சட்டென்று இறங்குவதும் ஆபத்துதான், மெஷின் எகிறும். ஆனால் முன்கூட்டியே தெரியும் என்பதால் அனல் நிலையங்களைத் தணித்து வைத்து, புனல் நிலையங்களை மேலே தூக்கி வைத்திருந்தார்கள். மக்கள் விளக்கை அணைக்க அணைக்க அணைகளில் தண்ணீரை மூடினார்கள். 17,000 மெகாவாட்டுக்கு மேல் புனல் மட்டுமே இறங்கி, மறுபடி ஏறியது. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே நின்றது. நான் ஓய்வு பெற்றவன், வீட்டில் ஃபோனில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் விளக்கேற்றச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

வலைத்தச்சன்

எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று, பெயர் வேண்டாம். பணம் செலுத்தும் ஒரு சேவை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி. கடைசியில் இருந்த டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானது, விழவில்லை. அதற்கு மேலே இருந்த அடுக்கு, பதில் வரவில்லை என்று மூன்று முறை கேட்டது. அதற்கும் மேலே இருந்தது, இதனிடம் மூன்று முறை. ஆப்பும் மூன்று முறை. ஒருவர் ஒருமுறை பட்டனை அழுத்தினால் டேட்டாபேஸ் வாசலில் 27 பேர். மெதுவாக இருந்தது நிஜமாகவே விழுந்தது. எடுத்து நிறுத்தினோம், வெளியே காத்திருந்த கூட்டம் ஒரே நொடியில் உள்ளே வந்து மறுபடி விழுந்தது. நாலு தடவை.

கடைசியில் என்ன செய்தோம்? வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். இரண்டு பேருக்கு ஒழுங்காக வேலை நடந்தது. அப்புறம் மூன்று, நாலு என்று திறந்தோம். மறுபடி முயலும் நேரத்தையும் ஆளுக்கு ஒன்றாகக் கலைத்துப் போட்டோம், எல்லோரும் ஒரே விநாடியில் கதவைத் தட்டாமல் இருக்க. இந்த ஏற்பாட்டில் பாதிப் பெயர்கள் உங்களிடமிருந்து திருடியவைதான் சார், சர்க்யூட் பிரேக்கர், லோடு ஷெட்டிங் எல்லாம்.

மேலதிகாரிக்குப் புரிய வைக்கத்தான் பட்ட பாடு. "எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினாயா?" என்பதையே மூன்று கூட்டத்தில் கேட்டார்.

பழைய_பிரேக்கர்

எடுத்து நிறுத்துவது எங்களுக்கும் அதே தலைவலி. முழுதாக விழுந்த கிரிட்டை ஸ்விட்ச் போட்டு எழுப்ப முடியாது. அனல் நிலையத்தின் மோட்டார்களை ஓட்டவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். சின்னப் புனல் நிலையம், கேஸ் நிலையம் எதையாவது வெளிக் கரண்ட் இல்லாமலே கிளப்பி, அதாவது பிளாக் ஸ்டார்ட் செய்து, ஒரு லைனை உயிர்ப்பித்து, கொஞ்சம் லோடு கொடுத்து, அடுத்ததுக்குப் போக வேண்டும். 2012-இல் கொல்கத்தா நகரம் தனித் தீவாகப் பிரிந்து நின்று தப்பியது, நரோரா அணுமின் நிலையமும் அப்படித்தான். இந்த மாதிரி உயிரோடு இருக்கும் துண்டுகள் தூக்கி நிறுத்த ரொம்ப உதவும். சென்னைக்கும் அப்படிப் பிரிந்து நிற்கும் ஏற்பாடு ஒன்று உண்டு.

ஊருக்கு ஒரு ஃபீடரைத் திரும்பக் கொடுக்கும்போது இருக்கும் கஷ்டத்தை யாரும் சொல்வதில்லை. நாலு மணி நேரம் கரண்ட் இல்லாத ஃபீடர், போகும்போது இருந்ததைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு கேட்கும். எல்லா ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் ஒரே நொடியில் ஓட ஆரம்பிக்கும். கொடுத்ததும் ட்ரிப். மறுபடி கொடுத்தால் மறுபடி ட்ரிப்.

அந்தியூரான்

ஐயா, இதைச் சொல்லத்தான் நானும் காத்திருந்தேன். எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 63 கே.வி.ஏ. அதில் ஏழு மோட்டார், எல்லாம் ஏழரை எச்.பி. ஏழும் ஓடினால் தாங்கும், ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருக்கிறோம். த்ரீ ஃபேஸ் எப்போது வரும் என்று யார் முழித்துக்கொண்டு உட்கார்வது? ராத்திரி வந்ததும் ஏழு மோட்டாரும் ஒரே மூச்சில் எழுந்திருக்கும். லைட் மங்கி, மோட்டார் உறுமி, ஃப்யூஸ் போய்விடும். அப்புறம் விடிய விடிய யாருக்கும் தண்ணி இல்லை.

போன வருஷம் லைன்மேன் தம்பி ஒரு யோசனை சொன்னார். ஸ்டார்ட்டரிலேயே டைமர் இருக்கிறதே, முதல் ஆள் 10 விநாடி, அடுத்தவர் 20, அடுத்தவர் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. வைத்தோம். ஒரு பைசா செலவில்லை. நாலு மாசம் ஃப்யூஸ் போகவே இல்லை. கடைசி ஆளுக்கு 70 விநாடி, அதுதான் நான்.

வலைத்தச்சன்

அண்ணா, நாங்கள் மூன்று கூட்டம் போட்டுக் கண்டுபிடித்தது இதுதான்!

செல்லூர்_சித்தன்

நாலு மாசம்தானா? அப்புறம்?

அந்தியூரான்

அப்புறம் மேக்காட்டுக்காரர் தன்னுடையதை ஜீரோவில் வைத்துக்கொண்டார். அவருக்கு நம்பர் 40. தண்ணி மட்டம் கீழே போன சமயம், முதலில் எடுப்பவனுக்குத்தான் கிணறு ஊறும் என்று நினைப்பு. அதைப் பார்த்து அவர் பங்காளியும் ஜீரோ. இப்போது ஏழில் ஐந்து ஜீரோ. நான் இன்னும் 70-லேயே இருக்கிறேன், மாற்றத் தெரியாததால்.

பழைய_பிரேக்கர்

ஏழரை எச்.பி. ஐந்து சேர்ந்து எழுந்தால் அந்த நொடியில் டிரான்ஸ்ஃபார்மரின் அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கும். 63 கே.வி.ஏ.வுக்கு எல்.டி. பக்கம், அதாவது உங்களுக்குக் கரண்ட் வரும் குறைந்த வோல்டேஜ் பக்கம், 84 ஆம்ப்ஸ்தான். இப்போது தினமும் ஃப்யூஸ் போகிறதா?

அந்தியூரான்

இல்லைங்க ஐயா, இப்போது போவதில்லை.

பழைய_பிரேக்கர்

எப்படி? ஃப்யூஸ் என்ன அளவு போட்டிருக்கிறீர்கள்?

அந்தியூரான்

ஃப்யூஸா? அலுமினியக் கம்பியை மூணு புரியாக முறுக்கிப் போட்டிருக்கிறோம்.